பழைய கம்ப்யூட்டர்ல இன்டர்னல் மோடம்: காம் போர்ட், ஐஆர்க்யூ சண்டையை தீர்க்கறது எப்படி

போன ஆனி மாசம் மாமா பையன் போன் பண்ணான். "மச்சான், கேட்ல இருக்குற எடை மேடை கம்ப்யூட்டருக்கு என்னமோ ஆயிடுச்சு, லாரி இறங்கிப் போன அப்பறமும் அதே எடையையே காட்டிட்டு நிக்குது, வந்து பாரு"ன்னான். கிருஷ்ணகிரிக்கு வெளிய ஒரு மாங்கூழ் ஃபேக்டரில ஸ்டோர்ஸ் பாக்குறான் அவன். ஆனி மாசம்னா அங்க என்ன நிலைமைன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லவே வேணாம், பெங்களூரா மாங்கா லோடு ரோடு வரைக்கும் வரிசையா நிக்கும், வெயில்ல நின்ன டிரைவருங்க வாயில வர்றதெல்லாம் எழுத முடியாது.

போய் பாத்தா பழைய பென்டியம் மெஷின், விண்டோஸ் 98. ஏன் இன்னும் இதை வெச்சிருக்கீங்கன்னு கேட்டா, எடை போடுற சாஃப்ட்வேர் பிரிண்டர் போர்ட்ல சொருகுற டாங்கிள்ங்கற சின்ன பூட்டு இல்லாம ஓடாதாம், அதை எழுதிக் குடுத்தவரு இப்ப எங்க இருக்காருன்னே யாருக்கும் தெரியாதாம். சரி, போன் ஒயர்ல டேட்டா அனுப்புற மோடம் இதுல எதுக்கு? கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவுல ஒரு 400 மீட்டர், கேபிள் இழுக்காம இருக்குற இன்டர்காம் ஒயர்லயே ரெண்டு பக்கமும் மோடம் போட்டு, ராத்திரி அன்னைக்கு போட்ட எடை சீட்டு எல்லாத்தையும் ஆபீசுக்கு அனுப்புற மாதிரி எவனோ ஒரு கெட்டிக்காரன் அந்தக் காலத்துல பண்ணி வெச்சிருக்கான். கோடை மழைல இடி விழுந்து கேட் மோடம் போயிடுச்சு, பெங்களூர் எஸ்.பி. ரோட்ல பழசு ஒண்ணு வாங்கி வந்து மாட்டியிருக்காங்க. அன்னைல இருந்துதான் இந்தக் கூத்து. ஒரு சர்வீஸ்காரர் வந்து பாத்துட்டு, மேடைக்கு கீழ எடையை உணர்ற லோட் செல் போயிடுச்சு, மாத்தணும்னு சொல்லிட்டு வேற போயிருக்காரு.

லோட் செல் நல்லாத்தான் இருந்தது. புது மோடமும் நல்லாத்தான் இருந்தது. எடை காட்டுற பெட்டி சொருகுன போர்ட்டுக்கும் மோடத்துக்கும் ஒரே ஐஆர்க்யூ, அவ்வளவுதான் விஷயம், அது என்னன்னு கீழ சொல்றேன். இந்த மாதிரி பழைய மெஷின் வெச்சிருக்கறவங்க, இல்ல ஆசைக்கு பழைய இரும்புக் கடைல இருந்து எடுத்து வந்து ஓட்டிப் பாக்கறவங்க நம்ம பக்கம் இன்னும் இருக்காங்க, அவங்களுக்காக முழுசா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. வெளிய வெக்கிற மோடம் கம்ப்யூட்டர்ல ஏற்கனவே இருக்குற காம் போர்ட்ல, அதாவது சீரியல் போர்ட்ல, போய் ஒட்டிக்கும், அதுக்குன்னு தனியா எதுவும் கேக்காது. இன்டர்னல் மோடம் அப்படி இல்ல, அந்த கார்டுலயே ஒரு சீரியல் போர்ட் இருக்கு, அதாவது நீங்க மோடம் மட்டும் போடல, கூடவே ஒரு புது காம் போர்ட்டையும் சேத்து போடறீங்க. வீட்டுக்கு மருமக வர்ற மாதிரின்னு வெச்சுக்கங்க, தனி ரூம் ஒதுக்கணும், இல்லன்னா பிரச்சனைதான்.

ஒவ்வொரு காம் போர்ட்டுக்கும் ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு அட்ரஸ், அது கதவு நம்பர் மாதிரி. இன்னொண்ணு ஐஆர்க்யூ, அது காலிங் பெல். டேட்டா வந்திருக்கு, வந்து எடுத்துக்கன்னு போர்ட் சிபியூவுக்கு பெல் அடிக்கும். வழக்கமா காம் 1க்கு அட்ரஸ் 3எஃப்8, ஐஆர்க்யூ 4. காம் 2க்கு 2எஃப்8, ஐஆர்க்யூ 3. காம் 3க்கு 3ஈ8, ஐஆர்க்யூ திரும்பவும் 4. காம் 4க்கு 2ஈ8, திரும்பவும் 3. கவனிச்சீங்களா, கதவு நம்பர் நாலு இருக்கு, ஆனா பெல் ரெண்டுதான். காம் 1ம் காம் 3ம் ஒரே பெல், காம் 2ம் காம் 4ம் ஒரே பெல். ஒரே நேரத்துல ரெண்டையும் யூஸ் பண்ணாத வரைக்கும் தெரியாது. பண்ணா, ஐஎஸ்ஏங்கற பழைய ரக கார்டு ஸ்லாட்ல இந்த பெல்லை ரெண்டு கார்டு பங்கு போட்டுக்க முடியாது, ஒருத்தர் அடிச்சது இன்னொருத்தர் சத்தத்துல காணாமப் போயிடும். அதுக்கு அடுத்து வந்த பிசிஐ ரக கார்டுங்க பங்கு போட்டுக்கும், ஆனா நம்ம கைல இருக்குறது பெரும்பாலும் ஐஎஸ்ஏ கார்டுதான்.

எடை மேடைல நடந்தது இதேதான். எடை காட்டுற இண்டிகேட்டர் காம் 1ல இருக்கு, மவுஸ் காம் 2ல இருக்கு, புதுசா வந்த மோடம்ல ஜம்பர் (கார்டுல செட்டிங் மாத்துற சின்ன தொப்பி) காம் 3, ஐஆர்க்யூ 4ன்னு இருந்தது. மோடம் சாஃப்ட்வேர் திறந்த உடனே இண்டிகேட்டர்ல இருந்து வர்றது நின்னுடும், ஸ்க்ரீன்ல 14,260ன்னு உறைஞ்சு நிக்கும், மேடைல லாரியே இருக்காது. நான் கண்ணால பாத்தேன், மேடை மேல ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. இதே ஐஆர்க்யூ சண்டை மவுஸோட நடந்தா, மவுஸை அசைச்சா லைன் கட் ஆகும், இல்ல மோடம் டயல் பண்ண உடனே மவுஸ் செத்துடும். இந்த அறிகுறி எதைப் பாத்தாலும் மோடத்தை தூக்கிப் போடாதீங்க.

இப்ப வேலைக்கு வருவோம். ஸ்க்ரூடிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி பேப்பரும் பேனாவும் எடுங்க, நிஜமாத்தான் சொல்றேன். விண்டோஸ் 98ல மை கம்ப்யூட்டர் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிவைஸ் மேனேஜர் போங்க, பட்டியல்ல எல்லாத்துக்கும் மேல கம்ப்யூட்டர்னு இருக்கும், அதை டபுள் கிளிக் பண்ணா எந்த ஐஆர்க்யூ யாருகிட்ட இருக்குன்னு 0ல இருந்து 15 வரைக்கும் வரிசையா காட்டும். அதை அப்படியே எழுதுங்க. வழக்கமா 0 டைமர், 1 கீபோர்ட், 6 ஃபிளாப்பி, 7 பிரிண்டர் போர்ட், 8 கடிகாரம், 12 பிஎஸ்2 மவுஸ், 13 மேத்ஸ் கோப்ராசசர், 14ம் 15ம் ஹார்ட் டிஸ்க் வகையறா. 5 சவுண்ட் கார்டு இருந்தா அது பிடிச்சிருக்கும், இல்லன்னா பெரும்பாலும் சும்மா கிடக்கும். டாஸ் மட்டும் ஓடுற மெஷினா இருந்தா எம்எஸ்டின்னு ஒரு புரோகிராம் டாஸ் 6 கூட வரும், அது காம் போர்ட் எத்தனை, என்ன அட்ரஸ், சீரியல் போர்ட்டை ஓட்டுற யூவார்ட் சிப் எதுன்னு எல்லாம் காட்டும். இன்னும் ஒண்ணு, மெஷின் ஆன் ஆகும்போது கட்டம் கட்டி ஒரு டேபிள் வருமே, அதுல சீரியல் போர்ட்ஸ்னு போட்டு 3எஃப்8 2எஃப்8ன்னு இருக்கும், பாஸ் (Pause) கீயை தட்டி நிறுத்திப் படிச்சுக்கங்க.

பேப்பர்ல எழுதியாச்சுன்னா வழி ரெண்டுதான். சுத்தமான வழி, காம் 2 உங்களுக்கு தேவையில்லன்னா அதை பயாஸ்ல (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடுற அடிப்படை புரோகிராம்) ஆஃப் பண்ணிட்டு அந்த இடத்தையே மோடத்துக்கு குடுத்துடறது. ஆன் பண்ண உடனே டெலீட் கீயை தட்டி பயாஸ் உள்ள போங்க, இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல ஆன்போர்ட் சீரியல் போர்ட் 2ன்னு இருக்கறதை டிசேபிள்டு ஆக்குங்க, சேவ் பண்ணி வெளிய வாங்க. மோடம் ஜம்பரை காம் 2, ஐஆர்க்யூ 3ன்னு வெச்சா முடிஞ்சது. ஆட்டோன்னு மட்டும் விட்டுடாதீங்க, பயாஸ் தன் இஷ்டத்துக்கு போர்ட்டை வேற அட்ரஸ்ல கொண்டு போய் உக்கார வெச்சுடும், நீங்க ஜம்பரை மாத்தி மாத்தி மண்டை காய்வீங்க. சீரியல் மவுஸ் மட்டும்தான் இடைஞ்சல்னா, மதர்போர்டுல பிஎஸ்2 மவுஸ் சாக்கெட் இருக்கான்னு பாருங்க, இருந்தா மவுஸை அங்க மாத்திட்டா ஐஆர்க்யூ 12 எடுத்துக்கும், ஒரு காம் போர்ட் காலி ஆயிடும். என்னைக் கேட்டா இந்த வழிதான் எப்பவும் முதல்ல பாக்கணும்.

எங்க மாங்கூழ் மெஷின்ல அந்த வாய்ப்பு இல்ல, ரெண்டு போர்ட்டும் வேலைல இருக்கு, பிஎஸ்2 சாக்கெட்டும் கிடையாது. அதனால ரெண்டாவது வழி, அட்ரஸ் காம் 3 மாதிரியே 3ஈ8 இருக்கட்டும், பெல்லை மட்டும் மாத்து. அங்க சவுண்ட் கார்டு இல்ல, 5 காலி, அதையே எடுத்துக்கிட்டேன். காம் 4 அட்ரஸ் எடுக்கலாமான்னு யோசிக்கறவங்களுக்கு ஒண்ணு, 2ஈ8ல சில பழைய டிஸ்ப்ளே கார்டுங்க, முக்கியமா எஸ்3 சிப் போட்டது, ஏற்கனவே உக்காந்திருக்கும், அதோட மோதுனா ஸ்க்ரீனே கோமாளித்தனம் பண்ணும். முடிஞ்ச வரைக்கும் 3ஈ8 எடுங்க.

ஜம்பர் மாத்தறது. பவர் ஒயரை சாக்கெட்ல இருந்தே புடுங்கிடுங்க, போன் ஒயரையும் கழட்டிடுங்க, ரிங் வரும்போது அந்த ஒயர்ல கை பட்டா சுரீர்னு ஒரு அடி அடிக்கும். கேபினட் இரும்பை ஒரு தடவை தொட்டுட்டு அப்பறம் கார்டை தொடுங்க. நான் திறந்தப்ப உள்ள கேட்டு மண்ணு ஒரு விரக்கடை, மூலைல பல்லி முட்டை ரெண்டு. பெயிண்ட் பிரஷ் வெச்சு தள்ளிட்டு கார்டை ரெண்டு பக்கமும் பிடிச்சு நேரா மேல தூக்கணும், ஆட்டி ஆட்டி எடுத்தா ஸ்லாட் போயிடும். கார்டு மேலயே காம் 1, 2, 3, 4ன்னு ஒரு வரிசை பின்னும், ஐஆர்க்யூ 2, 3, 4, 5, 7ன்னு இன்னொரு வரிசை பின்னும் சின்ன எழுத்துல அச்சடிச்சிருக்கும், போன் டார்ச் அடிச்சா தெரியும். கருப்பு கலர்ல பல்லு அளவு ஒரு தொப்பி ரெண்டு பின்னை சேத்து மூடியிருக்கும், அதுதான் ஜம்பர். ட்வீசர்ல பிடிச்சு 4ல இருந்து எடுத்து 5ல போட்டேன். சொல்ல எளிசு, அது என் கைல இருந்து நழுவி மதர்போர்டு மேல விழுந்து, அதைத் தேட பத்து நிமிஷம் ஆச்சு, பிரிண்டர் ரிப்பன் டப்பா மூடிய கீழ விரிச்சு வெச்சிட்டு பண்ணியிருந்தா அந்த வேலையே இல்ல. கிடைக்காம மட்டும் விட்டுடாதீங்க, அது போர்டுல எங்கயாவது சிக்கிக்கிட்டு ஆன் பண்ணா ஷார்ட் ஆகும். அச்சடிச்சிருக்கறது புரியலன்னா இருக்குற நிலையை முதல்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க.

சில கார்டுல ஜம்பரே இருக்காது, இல்ல எல்லா ஜம்பரையும் எடுத்துட்டா பிளக் அண்ட் பிளேன்னு இருக்கும். அதுக்கு ஐஆர்க்யூவை பயாசோ விண்டோஸோ ஒதுக்கும். பயாஸ்ல பிஎன்பி (பிளக் அண்ட் பிளே) ஓஎஸ் இன்ஸ்டால்டுன்னு ஒரு கேள்வி இருக்கும், விண்டோஸ் 98னா எஸ் போடலாம், டாஸ் மட்டும்னா நோ போட்டே ஆகணும், டாஸுக்கு ஒதுக்கத் தெரியாது, நோ போட்டாத்தான் பயாஸ் அந்த வேலையை தன் தலைல போட்டுக்கும்.

ஜம்பர் கார்டா இருந்தா பயாஸ்ல இன்னொரு வேலை இருக்கு, இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. பிஎன்பி பிசிஐ கான்ஃபிகரேஷன் பக்கத்துல ஐஆர்க்யூ 5 யாருக்குன்னு கேக்கும், அதை லெகசி ஐஎஸ்ஏன்னு மாத்துங்க. இல்லன்னா காலியா இருக்குன்னு நினைச்சு அதைத் தூக்கி ஏதாவது பிசிஐ கார்டுக்கு குடுத்துடும், நாளைக்கு நெட்வொர்க் கார்டு போட்ட அன்னைக்கு திரும்ப சண்டை ஆரம்பிக்கும்.

அடுத்து விண்டோஸுக்கு சொல்லணும். கன்ட்ரோல் பேனல்ல ஆட் நியூ ஹார்டுவேர் ஓட்டுனா 3ஈ8ல ஒரு போர்ட் இருக்குன்னு கண்டுபிடிச்சு காம் 3ன்னு சேத்துடும், ஆனா ஜம்பர்ல நீங்க என்ன வெச்சீங்கன்னு அதுக்கு தெரியாது, காம் 3ன்னாலே 4ன்னு தானா எழுதிக்கும். டிவைஸ் மேனேஜர்ல போர்ட்ஸ் கீழ காம் 3ஐ டபுள் கிளிக் பண்ணி ரிசோர்சஸ் டேப் போங்க, யூஸ் ஆட்டோமேட்டிக் செட்டிங்ஸ்ல இருக்குற டிக்கை எடுங்க, பேசிக் கான்ஃபிகரேஷன் ஒவ்வொண்ணா மாத்திப் பாருங்க, சிலதுல நம்பர் பூட்டியிருக்கும், சிலதுல இன்டரப்ட் ரிக்வெஸ்ட்டை மாத்த விடும். அட்ரஸ் 3ஈ8, ஐஆர்க்யூ 5 வெச்சு ஓகே. கீழ கான்ஃப்ளிக்ட் இல்லன்னு வந்தா ரீஸ்டார்ட். கார்டுல இருக்குற ஜம்பரும் இங்க போட்ட நம்பரும் ஒண்ணா இருக்கணும், இதுதான் மொத்த விஷயமும். லினக்ஸ் போட்டவங்களுக்கும் இதேதான், அங்க காம் 3ஐ டிடிஒய்எஸ்2ன்னு சொல்லுவாங்க, பூஜ்யத்துல இருந்து எண்ணுவாங்க, செட்சீரியல் கமாண்ட் கார்டை மாத்தாது, கார்டுல என்ன இருக்குன்னு கெர்னலுக்கு சொல்ல மட்டும்தான் செய்யும். எழுத்து அடிச்சா ரொம்ப நேரம் கழிச்சு சொட்டு சொட்டா வருதுன்னா அங்க ஐஆர்க்யூ தப்பா சொல்லியிருக்கீங்க.

முன்னாடி செத்த மோடத்தோட பேர் டிவைஸ் மேனேஜர்ல பேய் மாதிரி ஒட்டிட்டிருக்கும், சேஃப் மோட்ல பூட் பண்ணா ஒரே பேர் ரெண்டு மூணு தடவை வரும், எல்லாத்தையும் ரிமூவ் பண்ணிட்டு நார்மலா பூட் பண்ணி மோடத்தை புதுசா சேருங்க.

இப்ப டெஸ்ட். ஹைப்பர்டெர்மினல் திறந்து டைரக்ட் டு காம் 3 எடுங்க, ஏடின்னு ரெண்டு எழுத்து அடிச்சு என்டர் தட்டுங்க. ஓகேன்னு உடனே வந்தா பாதி ஜெயிச்சாச்சு. எழுத்தே தெரியலன்னா அட்ரஸ் தப்பு, இல்ல வேற போர்ட்டை திறந்திருக்கீங்க. கன்ட்ரோல் பேனல்ல மோடம்ஸ், டயக்னாஸ்டிக்ஸ், அதுல மோர் இன்ஃபோ தட்டினாலும் இதே பரிசோதனை நடக்கும், யூவார்ட் 16550ஏன்னு காட்டுதான்னு பாருங்க. 8250, 16450 சிப்புல வர்ற ஒரு எழுத்தை எடுக்கறதுக்குள்ள அடுத்தது வந்தா முதல்து போச்சு, 16550ஏல 16 எழுத்து சேர்த்து வெக்கிற பை இருக்கு. 115200 வேகத்துல ஒரு செகண்டுக்கு 11,520 எழுத்து வரும், அந்தப் பை இல்லன்னா பழைய சிபியூ திணறும். போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டுல ஃபிஃபோ பஃபர்ஸ் டிக் இருக்கணும், அதுதான் அந்தப் பை.

எங்களுக்கு இதுக்கப்பறமும் ஒரு முட்டுக்கட்டை வந்தது, டயல் பண்ணா நோ டயல் டோன்னு திட்டுச்சு. இன்டர்காம் பெட்டியோட டயல் டோன் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் டோன் மாதிரி இருக்காது, மோடத்துக்கு அது புரியாது. ஏடிஎக்ஸ்3ன்னு ஒரு கமாண்ட் குடுத்தா டோனுக்கு காத்திருக்காம நேரா அடிச்சுடும். ஆபீஸ் பக்கம் மோடத்துல ஏடிஎஸ்0=1 போட்டு ஒரே ரிங்ல எடுக்கற மாதிரி வெச்சோம். ஆபீஸ் இன்டர்காம் நம்பர் 21 அடிச்சதும் அந்தக் கீச்சு கீச்சு சத்தம், அப்பறம் கரகரன்னு, கனெக்ட். 56கே மோடம்தானே, ஏன் 33,600க்கு மேல போகலன்னு மாமா பையன் கேட்டான். 56கே வேகம் எதிர்ப்பக்கம் எக்ஸ்சேஞ்சோட டிஜிட்டலா சேர்ந்திருந்தாத்தான் வரும், ரெண்டு சாதா மோடம் பேசிக்கிட்டா 33,600தான் உச்சம். எடை சீட்டுக்கு அது தாராளம்.

சின்னதா, சிப்பு ரெண்டு மூணு மட்டும் இருக்குற பிசிஐ மோடம் வாங்கிடாதீங்கன்னு சொல்ல மறந்துட்டேன். பாதி வேலையை கம்ப்யூட்டர் சிபியூ தலைல கட்டற விண்மோடம் அது, டிரைவர் இல்லன்னா வெறும் தகடு, டாஸ்ல அறவே ஓடாது. அதுல ஜம்பர் தேடியும் பிரயோஜனம் இல்ல, ஐஆர்க்யூ மோதுச்சுன்னா கார்டை வேற ஸ்லாட்ல மாத்திப் பாக்கலாம், அவ்வளவுதான்.

மோடத்துல கனெக்ஷன் ஓடிட்டிருக்கும்போதே அடுத்த லாரியை மேடைல ஏத்தச் சொன்னேன். ஸ்க்ரீன்ல நம்பர் ஏறுச்சு, நின்னுச்சு, லாரி இறங்குனதும் பூஜ்யம் வந்தது. அப்பறம் அந்தப் பேப்பரை, காம் 1 எடை, காம் 2 மவுஸ், காம் 3 மோடம் ஐஆர்க்யூ 5ன்னு எழுதுனதை, கேபினட் மூடி உள்பக்கம் செலோ டேப் போட்டு ஒட்டிட்டேன். வாட்ச்மேன் தாத்தாகிட்ட மேக்கால கருக்கல் கட்டுனா மோடம் போன் ஒயரை கழட்டிடுங்கன்னு சொல்லியிருக்கேன், சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, இடி அந்த ஒயர் வழியாவும் உள்ள வரும்.